காஸ்பியன் கடலில் கொடி மாறிய கப்பல்கள் (1918–1920)

ஹிஜ்ரி 300-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காஸ்பியன் கடலில் நடந்த ஒரு கொள்ளைப் படையெடுப்பை வரலாற்றாசிரியர் அல் மஸ்ஊதி தமது 'முரூஜுத் தஹப்' நூலில் பதிவு செய்திருக்கிறார். வடக்கேயிருந்து ரூஸ் என்ற கூட்டத்தார் 500 கப்பல்களில் வோல்கா ஆற்றின் வழியாக இறங்கி வந்தார்கள். கப்பலுக்கு 100 பேர் என்பது அவர் தரும் கணக்கு. ஜீலான், தபரிஸ்தான் ஊர்களைச் சூறையாடிவிட்டு, பூமியிலிருந்து எண்ணெய் ஊறும் பாகூ நிலப்பரப்பு வரை போனார்கள். கரையோர மக்கள் திகைத்து நின்றதற்கு மஸ்ஊதி சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடலில் அதுவரை வணிகர்களின் கப்பல்களும் மீனவர்களின் படகுகளும் மட்டுமே ஓடின. கடல் வழியாக எதிரி வருவான் என்பதை அவர்கள் அறிந்ததே இல்லை.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, ரஷ்யாவின் உள்நாட்டுப் போரில், அதே கரைகளில் வாழ்ந்த முஸ்லிம்கள் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார்கள். 1918 முதல் 1920 வரை பாகூ நகரம் பல முறை கை மாறியது. ஒவ்வொரு முறையும் கடலில் இருந்த சிறு கப்பற்படைக்கு, அதாவது ஃப்ளோட்டிலாவுக்கு, அதில் பங்கு இருந்தது. உஸ்மானியப் பேரரசின் கடைசி நாட்களைப் பற்றி நம் சமூகத்தில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் காஸ்பியன் கடலின் இந்தக் கதை தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை.

முதலில் கடலைப் பற்றிச் சில விவரங்கள். காஸ்பியன் பெயரளவில் கடல். உண்மையில் நாற்புறமும் நிலம் சூழ்ந்த, உலகிலேயே மிகப் பெரிய உள்நாட்டு நீர்நிலை. பரப்பளவு சுமார் 3,70,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் நீர்மட்டம் பெருங்கடல் மட்டத்தைவிடச் சுமார் 28 மீட்டர் தாழ்ந்தது. உப்புத்தன்மை பெருங்கடல் நீரில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அரபு நூல்களில் இதற்கு 'பஹ்ருல் கஸர்' என்று பெயர். தென்பகுதி மிக ஆழமானது. வடபகுதியோ வோல்கா கொண்டுவந்து கொட்டும் வண்டலால் சராசரியாக ஐந்தாறு மீட்டர் ஆழம்தான். குளிர்காலத்தில் அந்த வடபகுதி உறைந்துவிடும். வோல்கா முகத்துவாரத்தில் இருக்கிற அஸ்ட்ரகான் நகரைப் பெரிய கப்பல்கள் நெருங்க முடியாது. ஒருவன் அஸ்ட்ரகானுக்குள் பதுங்கிக்கொண்டால் கடல் வழியாகப் போய் அவனைப் பிடிப்பது மிகக் கடினம். போரின் முடிவைத் தீர்மானித்த காரணங்களில் இதுவும் ஒன்று.

இக்கடலில் ரஷ்யாவின் கப்பற்படையை 1722-ல் ஏற்படுத்தியவர் மன்னர் முதலாம் பீட்டர். அதன் பிறகு ஈரானுடன் நடந்த போர்களின் முடிவில் இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒன்று 1813-ன் குலிஸ்தான் ஒப்பந்தம், மற்றது 1828-ன் துர்க்மன்சாய் ஒப்பந்தம். பாகூ, தர்பந்த், கஞ்சா போன்ற ஊர்கள் ரஷ்யாவிடம் போனது எல்லோரும் அறிந்தது. அதிகம் கவனிக்கப்படாத ஷரத்து இன்னொன்று உண்டு. காஸ்பியன் கடலில் போர்க்கப்பல் வைத்துக்கொள்ளும் உரிமை ரஷ்யாவுக்கு மட்டுமே! ஈரான் வணிகக் கப்பல் விடலாம், பீரங்கி ஏற்றிய கப்பல் விடக்கூடாது. தென்கரை முழுவதும் ஈரானுடையதாக இருந்தும், அந்தக் கரைக்கு எதிரே உள்ள நீரைக் காக்கும் உரிமை அந்நாட்டுக்கு இல்லாமல் போனது. என்னைக் கேட்டால், நிலத்தை இழந்ததைவிட இந்த இழப்பே பெரியது என்பேன். 1918-ல் நடந்தவற்றைப் பார்த்தால் வாசகர்களுக்கும் அப்படியே தோன்றலாம்.

ரஷ்ய ஆட்சிக்கு உட்பட்ட காகஸஸ் முஸ்லிம்களின் நிலை வேறு வகையானது. மன்னராட்சி அவர்களைக் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கவில்லை. பதிலாக ஒரு தனி வரி வசூலித்தது. அக்காலத்தில் இது பலருக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும். ஆனால் ஆட்சி குலைந்தபோது அண்டை சமூகங்களில் போர்முனையிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கான பயிற்சி பெற்ற வீரர்கள் இருந்தார்கள். முஸ்லிம்களிடம் தன்னார்வலர்களாகச் சேர்ந்த ஒரு குதிரைப்படையும் சில திறமையான அதிகாரிகளும் தவிர வேறு யாரும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழ பாதி பாகூவிலிருந்து வந்தது. பாகூவில் முஸ்லிம் செல்வந்தர்கள் இருந்தார்கள். முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காக 1901-ல் பள்ளிக்கூடம் திறந்த ஹாஜி ஜைனுல் ஆபிதீன் தகியேவ் அவர்களில் ஒருவர். செல்வமும் பள்ளிக்கூடமும் வணிகக் கப்பல்களும் இருந்த இடத்தில் கடற்படை மாலுமிகள் மட்டும் பெரும்பாலும் ரஷ்யர்களாகவே இருந்தார்கள்.

அந்தத் தகியேவின் மகன் முஹம்மது 1918 மார்ச் மாதம் லங்கரானில் இறந்தார். ஜனாஸாவுக்காக முஸ்லிம் படைப்பிரிவைச் சேர்ந்த சிலர் பாகூ வந்தார்கள். திரும்பிச் செல்ல 'எவலீனா' என்ற கப்பலில் ஏறிய அவர்களிடமிருந்து நகர சோவியத் ஆயுதங்களைப் பறித்தது. சோவியத்தின் தலைவர் ஸ்டெபான் ஷௌமியான், போல்ஷ்விக் கட்சிக்காரர். நகரில் கொந்தளிப்பு எழுந்தது. மார்ச் 30 அன்று துப்பாக்கிச் சூடு தொடங்கியது. போல்ஷ்விக்குகளோடு அர்மீனிய தஷ்னக் கட்சியின் ஆயுதக் குழுக்களும் சேர்ந்துகொண்டன. துறைமுகத்தில் நின்ற கப்பற்படையின் பீரங்கிகள் முஸ்லிம் குடியிருப்புகளை நோக்கித் திருப்பப்பட்டன. தெருவில் தடுப்பரண் எழுப்பிச் சண்டையிட்டவர்களால் கடலிலிருந்து வந்து விழும் குண்டுகளை என்ன செய்ய முடியும்? முஸ்லிம் தரப்பு சரணடைய ஒப்புக்கொண்ட பிறகும் கொலைகள் நிற்கவில்லை. இறந்தவர்கள் 3,000 பேர் என்பது முதல் 12,000 பேர் என்பது வரை மதிப்பீடுகள் உண்டு. முஸ்லிம் அறக்கட்டளையின் தலைமையகமாக இருந்த அழகிய 'இஸ்மாயிலிய்யா' மாளிகை எரிக்கப்பட்டது. இறந்துபோன தன் மகன் இஸ்மாயிலின் நினைவாக மூசா நகியேவ் என்ற எண்ணெய் வணிகர் கட்டிய மாளிகை அது.

இதற்குப் பிறகு பாகூவில் ஷௌமியானின் ஆட்சி. முஸ்லிம் தலைவர்கள் மே 28 அன்று திஃப்லிஸ் நகரில் அஸர்பைஜான் ஜனநாயகக் குடியரசை அறிவித்தார்கள். முஹம்மது அமீன் ரசூல்சாதா அவர்களில் முதன்மையானவர். பாராளுமன்ற ஆட்சி, பெண்களுக்கு வாக்குரிமை என்று அன்றைய உலகில் பல நாடுகளுக்கு முன்னோடியாக நின்ற குடியரசு. ஆனால் தன் தலைநகருக்குள் அதனால் நுழைய முடியவில்லை. உதவிக்கு உஸ்மானியர்களை அழைத்தார்கள். அன்வர் பாஷாவின் தம்பி நூரி பாஷா தலைமையில் 'காகஸஸ் இஸ்லாமியப் படை' புறப்பட்டது. உஸ்மானியப் படையினர் சுன்னிகள், அவர்கள் காக்க வந்த மக்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். அக்கட்டத்தில் அந்த வேறுபாட்டை இரு தரப்பும் தடையாகக் கருதவில்லை.

நூரி பாஷா நெருங்க நெருங்க நகருக்குள் பதற்றம் கூடியது. ஆகஸ்ட் 1 அன்று ஷௌமியானின் ஆட்சி கவிழ்ந்தது. அதன் இடத்தில் அமர்ந்த அரசின் பெயர் 'மத்திய காஸ்பியன் சர்வாதிகாரம்'. பெயரே சொல்லிவிடும், அது கப்பற்படை மாலுமிகளின் மத்தியக் குழுவிலிருந்து முளைத்த அரசு. கப்பல் யாரிடமோ ஊர் அவரிடம் என்பது இவ்வளவு வெளிப்படையாக நடந்த இடம் சரித்திரத்தில் அரிது. அவர்கள் பிரிட்டிஷாரை அழைத்தார்கள்.

வந்தவர் மேஜர் ஜெனரல் டன்ஸ்டர்வில். இந்திய ராணுவத்தில் பணியாற்றியவர், எழுத்தாளர் கிப்ளிங்கின் பள்ளித் தோழர். பாக்தாதிலிருந்து ஹமதான், கஸ்வீன், ரஷ்த் வழியாக மலைப்பாதைகளில் வந்து, ஈரானின் அன்ஸலி துறைமுகத்தில் கப்பலேறினார். அவர் ஏறிய கப்பலின் பெயர் 'பிரசிடெண்ட் க்ரூகர்'. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட போயர் தலைவரின் பெயர் அது! அவரிடம் இருந்த ஆட்பலம் ஆயிரத்தைச் சுற்றித்தான். ஆறு வாரம் தாக்குப்பிடித்தார்கள். செப்டம்பர் 14 இரவு அதே கப்பல்களில் ஏறி வெளியேறினார்கள்.

மறுநாள் நூரி பாஷாவின் படை பாகூவில் நுழைந்தது. முறையான படை உள்ளே வருவதற்கு முன்பும் பின்பும் நகரின் அர்மீனியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். மார்ச் மாதத்துக்குப் பழிவாங்கல் என்று சிலர் காரணம் சொல்வதுண்டு. மார்ச் மாதத்தில் கொன்றவர்களில் பலர் அதற்குள் கப்பலேறிப் போயிருந்தார்கள். செப்டம்பரில் இறந்தவர்கள் ஊரைவிட்டுப் போக வழியில்லாதவர்கள். மார்ச் மாதக் கொலைகளை விரிவாகச் சொல்லிவிட்டு இதை ஒரு வரியில் கடந்துபோகும் கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். மார்க்கமும் நீதியும் அதற்கு இடம் தரவில்லை.

அதே இரவில் இன்னொரு கப்பலும் புறப்பட்டது. பெயர் 'துர்க்மன்'. சிறையிலிருந்து தப்பிய ஷௌமியானும் அவரது தோழர்களும் அதில் இருந்தார்கள். போக விரும்பியது போல்ஷ்விக்குகளின் கையிலிருந்த அஸ்ட்ரகானுக்கு. ஆனால் கப்பல் போய்ச் சேர்ந்தது கிழக்குக் கரையில் இருந்த கிராஸ்னோவோட்ஸ்க் துறைமுகத்துக்கு, இன்றைய துர்க்மன்பாஷி. அஸ்ட்ரகான் போக எரிபொருள் போதாது என்றார்கள் கப்பல்காரர்கள். அங்கே போல்ஷ்விக் எதிர்ப்பாளர்களின் ஆட்சி. செப்டம்பர் 20 அன்று 26 பேர் பாலைவனத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மஷாதி அஸீஸ்பெகோவ் போன்ற முஸ்லிம் பெயர் கொண்ட போல்ஷ்விக்குகளும் அவர்களில் இருந்தார்கள். மார்ச் மாதம் கப்பற்படையின் துணையோடு நகரை அடக்கிய ஷௌமியான், கப்பல் போன திசையாலேயே உயிரிழந்தார்.

கிராஸ்னோவோட்ஸ்கிலிருந்து கிழக்கே ஓடிய ரயில் பாதையில் அப்போது இந்திய வீரர்களும் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 19-வது பஞ்சாபிப் படை, 28-வது குதிரைப்படை ஆகியவை மஷ்ஹத் வழியாக அங்கே அனுப்பப்பட்டிருந்தன. அக்டோபரில் துஷாக் ரயில் நிலையத்தில் பெரிய சண்டை நடந்தது. யாருக்காக, எதற்காக அந்தப் பாலைவனத்தில் சாகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

உஸ்மானியர்களின் வெற்றி ஆறு வாரம்தான் நீடித்தது. அக்டோபர் 30 அன்று முத்ரோஸ் உடன்படிக்கையில் அவர்கள் சரணடைந்தார்கள். நவம்பர் 17 அன்று ஜெனரல் தாம்சன் தலைமையில் பிரிட்டிஷார் மீண்டும் பாகூவில் இறங்கினார்கள். இந்த முறை அவர்கள் முறையான கப்பற்படை ஒன்றை அமைத்தார்கள். தலைவர் கமோடோர் நாரிஸ். பெருங்கடலோடு தொடர்பே இல்லாத கடலில் கடற்படை அமைப்பது எப்படி? கப்பலைக் கொண்டுவர முடியாது, பீரங்கியைத்தான் கொண்டுவர முடியும். முதலில் பாக்தாதிலிருந்து தரை வழியாகப் பீரங்கிகள் வந்தன. பிறகு கருங்கடல் துறைமுகமான பாத்தூமிலிருந்து ரயிலில் வந்தன. பாகூவின் எண்ணெய்க் கப்பல்களின் தளத்தைப் பலப்படுத்தி, அவற்றின் மேல் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். 'எமில் நோபல்', 'ஜொராஸ்டர்', 'ஆசியா', 'க்ரூகர்' என்று வணிகப் பெயர்களோடே அவை போர்க்கப்பல்களாயின. கடல் விமானங்களைச் சுமக்கவும் கப்பல்கள் தயாராயின. வேகமான டார்பிடோ படகுகள் ரயிலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டன. பீரங்கி சுடுபவர்கள் பிரிட்டிஷார், கப்பலை ஓட்டுபவர்கள் பழைய ரஷ்ய மாலுமிகள்.

எதிர்த்தரப்பு சளைக்கவில்லை. பால்டிக் கடலிலிருந்து ஆறுகளையும் கால்வாய்களையும் கடந்து வோல்கா வழியாக நாசகாரிக் கப்பல்களை போல்ஷ்விக்குகள் அஸ்ட்ரகானுக்கு இறக்கியிருந்தார்கள். 1919 மே 21 அன்று கிழக்குக் கரையின் அலெக்ஸாண்ட்ரோவ்ஸ்க் கோட்டைத் துறைமுகத்தில் இரு படைகளும் மோதின. இன்று அது கஸகஸ்தானின் ஃபோர்ட் ஷெவ்சென்கோ. எண்ணெய்க் கப்பல்களில் வந்த பிரிட்டிஷார் துறைமுகத்துக்குள் புகுந்து சுட்டார்கள். அடுத்து வந்த கடல் விமானத் தாக்குதல்களோடு 'மஸ்க்வித்யானின்' என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. மிஞ்சியவை அஸ்ட்ரகானின் ஆழமற்ற நீருக்குள் திரும்பிவிட்டன. அங்கே பிரிட்டிஷார் பின்தொடர முடியவில்லை.

செம்படைக்கு அப்போது பெரிய பஞ்சம் எரிபொருள். பாகூவில் தலைமறைவாக இருந்த போல்ஷ்விக் தொழிலாளர்கள் மீன்பிடிப் படகுகளில் பெட்ரோலை ஒளித்து வைத்து, ரோந்துக் கப்பல்களின் கண்ணில் படாமல் அஸ்ட்ரகானுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

1919 ஆகஸ்டில் பிரிட்டிஷார் பாகூவைவிட்டுப் போனார்கள். போகும்போது அந்தக் கப்பற்படையை யாரிடம் கொடுத்தார்கள்? அது நின்ற துறைமுகமும் அதற்கு எண்ணெய் கொடுத்த நகரமும் அஸர்பைஜான் குடியரசுடையவை. கப்பல்களோ மன்னராட்சியின் எல்லைகளை மீட்கப் புறப்பட்ட வெள்ளைப் படைத் தளபதி டெனிகினிடம் ஒப்படைக்கப்பட்டன. 'பிரிக்க முடியாத ஒரே ரஷ்யா' என்பது அவருடைய கொள்கை. அஸர்பைஜான் என்ற நாடே அவருக்கு ஏற்புடையது அல்ல. தாகெஸ்தானை அவர் ஏற்கெனவே பிடித்துவிட்டார். அங்கே அக்குஷா ஊரின் ஆலிம் ஷைகு அலீ ஹாஜி அவருக்கு எதிராக ஜிஹாத் அறிவித்து, மலைவாழ் மக்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர் கையில்தான் காஸ்பியன் கடல் போனது. குடியரசின் பங்குக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானவை கார்ஸ், அர்தகான் என்ற இரு பீரங்கிப் படகுகள். அவை உஸ்மானியர்களிடமிருந்து 1878-ல் ரஷ்யா பறித்த இரண்டு ஊர்களின் பெயர்கள். பிறையும் எட்டுமுனை நட்சத்திரமும் பொறித்த மூவண்ணக் கொடி அவற்றில் ஏறியது. மாலுமிகள் மாறவில்லை. ஒரு தலைமுறையாவது ஆகும் வேலையைச் சில மாதங்களில் செய்து முடிக்க அந்த இளம் அரசுக்கு வழியும் இல்லை.

1920 வசந்தத்தில் டெனிகினின் படை சிதறியது. மார்ச் இறுதியில் தாகெஸ்தானின் பெட்ரோவ்ஸ்க் துறைமுகம், இன்றைய மகாச்கலா, செம்படையிடம் விழுந்தது. வெள்ளைப் படையின் கப்பல்கள் தெற்கே ஓடி அன்ஸலியில் பிரிட்டிஷாரிடம் அடைக்கலம் புகுந்தன. குடியரசின் தரைப்படையில் பெரும்பகுதி அப்போது கராபாக் சண்டையில் சிக்கியிருந்தது. ஏப்ரல் 27 அன்று செம்படையின் கவச ரயில்கள் வடக்கு எல்லையைக் கடந்தன. அதே நாளில் துறைமுகத்திலிருந்து இன்னொரு இறுதி எச்சரிக்கை வந்தது. துறைமுக நிர்வாகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்த சிங்கிஸ் இல்திரிம் என்பவர் ரகசியமாக போல்ஷ்விக்குகளோடு இருந்தவர். அவர் குடியரசின் கப்பற்படையைச் செங்கொடியின் பக்கம் திருப்பி, பாராளுமன்றம் பதவி விலகாவிட்டால் சுடுவோம் என்று அறிவித்தார். 1918-ல் நகரத்தை நோக்கித் திரும்பிய கப்பல் பீரங்கிகள் இம்முறை சுடவேண்டிய தேவை வரவில்லை. அன்றிரவே பாராளுமன்றம் அதிகாரத்தை ஒப்படைத்தது. 23 மாதங்களில் குடியரசு முடிந்தது.

மே 18 விடியற்காலையில் ராஸ்கோல்னிகோவ் என்ற இளம் தளபதியின் தலைமையில் செம்படையின் வோல்கா-காஸ்பியன் கப்பற்படை அன்ஸலிக்கு முன்னால் வந்து நின்றது. குண்டு வீச்சு தொடங்கியது, துருப்புகள் கரையிறங்கிச் சாலையை மறித்தன. அங்கிருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவு பேச்சுவார்த்தைக்குப் பிறகு கப்பல்களை விட்டுவிட்டு ரஷ்த் நோக்கிப் பின்வாங்கியது. உலக நாடுகள் சங்கம் என்ற அமைப்பு தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதனிடம் வந்த முதல் முறையீடுகளில் ஒன்று, அன்ஸலி தாக்கப்பட்டது பற்றி ஈரான் கொடுத்தது. ஈரானிடம் கடற்படை இருந்தால் முறையிட வேண்டிய அவசியம் இருந்திருக்காது. 1828-ன் ஷரத்து அதற்கு இடம் வைக்கவில்லையே!

ஜீலான் காடுகளில் சில ஆண்டுகளாகவே பிரிட்டிஷாரையும் ரஷ்யரையும் எதிர்த்துப் போராடி வந்த 'ஜங்கலி' இயக்கத்தின் தலைவர் மிர்ஸா கூசிக் கான். ரஷ்த் நகரின் மத்ரஸாவில் மார்க்கக் கல்வி கற்றவர். கப்பலில் வந்தவர்களோடு அவர் உடன்பாடு செய்துகொண்டார். ஜூன் மாதம் ரஷ்தில் சோவியத் குடியரசு அறிவிக்கப்பட்டது, அவரே தலைவர். மார்க்கத்துக்கு எதிரான பிரச்சாரம் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. ஒரு மாதம்கூட அந்தக் கூட்டு சரியாக ஓடவில்லை. ஜூலையில் பொறுப்பைவிட்டு மீண்டும் காட்டுக்குள் போனார். 1921 பிப்ரவரி 26 அன்று மாஸ்கோவும் தெஹ்ரானும் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. காஸ்பியன் கடலில் சம உரிமையோடு கப்பல் விடலாம் என்று ஈரானுக்கு அதில் ஒரு ஷரத்து கிடைத்தது. செம்படை ஜீலானைவிட்டு வெளியேறியது. தனித்து விடப்பட்ட கூசிக் கான் அவ்வாண்டின் டிசம்பரில் தாலிஷ் மலையின் பனியில் உறைந்து இறந்தார். ஆதரித்தவர்கள் ஒப்பந்தம் கிடைத்ததும் கைவிடுவார்கள் என்பதை அவர் எந்தக் கட்டத்தில் உணர்ந்தாரோ தெரியாது. அவரது தலையை வெட்டி எடுத்துப் போனார்கள்.

எரிக்கப்பட்ட இஸ்மாயிலிய்யா மாளிகை பின்னர் புதுப்பிக்கப்பட்டு, இன்று அஸர்பைஜான் அறிவியல் கழகத்தின் அலுவலகமாக இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அந்நாட்டில் நினைவு நாள்.

காஸ்பியன் கடலுக்கு இப்போது கரை நாடுகள் ஐந்து: அஸர்பைஜான், ஈரான், துர்க்மனிஸ்தான், கஸகஸ்தான், ரஷ்யா. முதல் நான்கும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். கடலில் வலிமையான கப்பற்படை இன்றும் ஐந்தாவது நாட்டுடையதே. 2015 அக்டோபர் 7 அன்று அந்தக் கப்பற்படையின் நான்கு கப்பல்கள் ஏவிய 26 ஏவுகணைகள், ஈரான், இராக் வான்வெளியைக் கடந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிரியாவில் விழுந்தன. 2018 ஆகஸ்டில் கஸகஸ்தானின் அக்தாவ் நகரில் ஐந்து நாட்டுத் தலைவர்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, கரை நாடுகள் அல்லாத எவருடைய ராணுவமும் அக்கடலில் இருக்கக் கூடாது என்று சொல்கிறது.